கரண்ட் இல்லாத தோட்டத்துச் சாளைக்குத் தண்ணீர்க் கணக்கு

பயிருக்குத் தண்ணீர் கட்டுவது பற்றி எத்தனையோ பேச்சுகள் கேட்டிருப்பீர்கள். சொட்டுநீர், தெளிப்புநீர், பாத்தி, பார் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. அந்தப் பயிரை வளர்க்கிற குடும்பம் குடிக்க, சமைக்க, குளிக்க, கட்டுத்தரையில் நிற்கும் மாடு கன்றுகளுக்குக் காட்ட எவ்வளவு தண்ணீர் வேண்டும், அதை எப்படிச் சேர்த்து, எப்படிச் செலவழிப்பது என்பதை மட்டும் யாரும் கணக்காகப் பேசுவதில்லை. இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மேட்டுப்பாளையத்தைச் சுற்றிக் காரமடை, சிறுமுகை, ஓடந்துறைப் பக்கம் போனால் ஊரோடு சேராமல் தோட்டத்திலேயே சாளை போட்டுக் குடியிருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் சில சாளைகளுக்கு மின்கம்பி போய்ச் சேருவதே சிரமம். கம்பி போன இடத்திலும் ஒரு காற்று மழைக்குக் கம்பம் சாய்ந்தால் இரண்டு மூன்று நாள் இருட்டுத்தான். பஞ்சாயத்துக் குழாயும் அவ்வளவு தூரம் வராது. இப்படிப்பட்ட சாளையில் மோட்டார் ஓடாத அன்றைக்குக் குழந்தைக்கு என்ன தண்ணீர் கொடுப்பது, கறவை மாட்டுக்கு என்ன காட்டுவது என்பதுதான் கேள்வி. பவானி ஆறு பக்கத்தில் ஓடினால் மட்டும் போதாது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடிக்கிற காலம் போய்விட்டது.

முதலில் கணக்கு

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா என்று ஐந்து பேர் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு கறவை மாடு, ஐந்து வெள்ளாடு இருக்கின்றன.

கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் அளவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஐந்து பேருக்கு 275 லிட்டர். கறவை மாட்டுக்கு வெயில் காலத்தில் 60 லிட்டர் வீதம் 120 லிட்டர். வெள்ளாட்டுக்கு 5 லிட்டர் வீதம் 25 லிட்டர். ஆக மொத்தம் 420 லிட்டர். குடத்துக்கு 14 லிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 30 குடம். இந்த 30 குடத்தையும் கிணற்றில் சேந்தி, இடுப்பில் சுமந்து வருவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அதனால் இது அவர்களுடைய உடம்பைப் பற்றிய கணக்கும்கூட.

இப்போது அந்த 275 லிட்டரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஆளுக்கு 10 லிட்டர் தாராளம். ஐந்து பேருக்கு 50 லிட்டர், அதாவது சுமார் நாலு குடம். மீதி 225 லிட்டர் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, கக்கூசுக்கு ஊற்றப் போகிறது.

இதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான விஷயம். 420 லிட்டரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. 50 லிட்டர் மட்டும் சுத்தமான தண்ணீராக இருந்தால் போதும். மற்ற 370 லிட்டர் கொஞ்சம் உப்பாக, சப்பைத் தண்ணீராக இருந்தாலும் வேலை நடக்கும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊற்றி ஒரே மாதிரி செலவழிப்பதால்தான் மாசி, பங்குனி வந்ததும் கையைப் பிசைய வேண்டியிருக்கிறது.

அந்த 50 லிட்டருக்குக் கூரையே போதும்

நம் பகுதி மலை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் காற்று பலமாக வீசும். மழை அவ்வளவாக இராது. ஐப்பசி, கார்த்திகையில் வருவதுதான் நமக்குப் பெருமழை. சித்திரை, வைகாசியில் கோடை மழை கொஞ்சம். கோவைப் பக்கத்துச் சமவெளியில் ஆண்டு மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், எந்தக் கணக்கும் போடலாம். 500 சதுர அடி ஓட்டு வீடு என்றால் சுமார் 46 சதுர மீட்டர். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் பெய்தால் அந்தக் கூரையில் விழுவது ஏறக்குறைய 30,000 லிட்டர். ஓடு உறிஞ்சுவது, தெறிப்பது, முதல் மழையை வெளியே விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 24,000 லிட்டர் மிச்சம். நாளைக்கு 50 லிட்டர் வீதம் ஓராண்டுக்கு வேண்டியது 18,250 லிட்டர்தான். பார்த்தீர்களா? மழை பொய்க்காத வருஷத்தில், ஒரு குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீர் முழுவதும் அதன் தலைக்கு மேலேயே விழுகிறது.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. அப்போது பலரும் குழாயை மண்ணில் இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். நிலத்தடிக்கு விடுவதும் நல்லதுதான். ஆனால் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் முதலில் தொட்டியை நிரப்ப வேண்டும். தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றோரம் குழி எடுத்து நிலத்துக்கு விடலாம்.

தொட்டி எவ்வளவு பெரியது?

மார்கழியில் மழை நின்றால் அடுத்த நல்ல மழைக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டி வரலாம். 150 நாளுக்கு 50 லிட்டர் வீதம் 7,500 லிட்டர். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் பிடிக்கும். 8 அடி நீளம், 6 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஐந்தரை அடி என்று ஒரு தொட்டி கட்டினால் கணக்குச் சரியாக வரும். வசதி உள்ளவர்கள் 10,000 லிட்டருக்குக் கட்டிக்கொண்டால், மழை பிந்தினாலும் பயமில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவிக்க வேண்டியிருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

தொட்டி கட்டும்போதும் கூரைத் தண்ணீர் பிடிக்கும்போதும் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, தாழ்வாரத் தகரமோ, நெடுக்கில் பிளந்த 6 அங்குல பி.வி.சி. குழாயோ, எதைப் போட்டாலும் பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருக்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் இலை தேங்கிக் கொசுதான் முட்டையிடும்.

இரண்டு, முதல் மழையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. பல மாதத் தூசி, காக்கை எச்சம், எலிப் புழுக்கை எல்லாம் அதில்தான் கழுவி வரும். இறங்குகுழாயில் ஒரு கிளை வைத்து, மழை தொடங்கிய முதல் 15, 20 நிமிஷத் தண்ணீரை வாழைக்கு விட்டுவிடுங்கள். நமது 500 சதுர அடிக் கூரையில் முதல் மில்லிமீட்டர் மழைக்கு மூன்று நாலு குடம்தான் போகும். அது நஷ்டம் அல்ல.

மூன்று, தொட்டிக்கு முன்னால் ஒரு சிறு வடிகட்டி. அடியில் கூழாங்கல், நடுவில் மரக்கரி, மேலே கழுவிய ஆற்று மணல். வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மணலை எடுத்து அலசிப் போட வேண்டும்.

நாலு, தொட்டிக்குள் வெளிச்சம் புகக் கூடாது. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வழியும் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் கொசுவலை கட்ட வேண்டும். டெங்குக் கொசு சேற்றுக் குட்டையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் நாம் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. திறந்த அண்டா, சிமெண்டுத் தொட்டி, மாட்டுத் தாழி ஆகியவற்றை வாரம் ஒருமுறை காலி செய்து, தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் முட்டையும் புழுவும் ஒழியும்.

ஐந்து, இது நம் பகுதிக்கென்றே சொல்ல வேண்டியது. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் கறிவேப்பிலை நிறையப் பயிராகிறது. மருந்து அடிக்காமல் விடுவதும் குறைவு. சாளைக்குப் பக்கத்தில் மருந்து அடித்தால் சாரல் கூரையில் படியும். அந்த நாட்களில் தொட்டிக் குழாயைத் திருப்பி வைத்துவிட்டு, நல்ல மழை ஒன்று கூரையைக் கழுவிய பிறகு பிடியுங்கள். மருந்து டிரம்மில் ஓஸ் குழாயை முக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் விடாதீர்கள். மோட்டார் நின்றால் டிரம்மில் உள்ள மருந்துத் தண்ணீர் குழாய் வழியே கிணற்றுக்கே திரும்பிப் போகலாம். தெளிப்பானைக் கிணற்று மேட்டில் கழுவவே கூடாது.

"ஏனுங்க, மழைத்தண்ணி குடிச்சாச் சளி புடிக்காதுங்களா?" என்று கேட்கிறார்கள். சளிக்குக் காரணம் கிருமி, மழைநீர் அல்ல. உப்பு குறைவாக இருப்பதால் நாக்குக்குச் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். பருப்பு மெத்தென்று வேகும். ஓலைக் கூரையில் விழும் தண்ணீர் மட்டும் குடிக்க உதவாது. நிறமும் வாடையும் வரும். கல்நார் சிமெண்டு அட்டை போட்ட கூரைத் தண்ணீரையும் மாட்டுக்கும் துவைக்கவும் வைத்துக்கொள்வது மேல். பழைய கல்நார் அட்டையை அறுக்கவோ சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு.

கிணற்றுத் தண்ணீர்

மீதி 370 லிட்டருக்குக் கிணறோ போரோ இருக்கிறது. கூரைத் தொட்டி கட்டும்வரை குடிப்பதற்கும் அதுதான் என்றால், ஒருமுறையாவது தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். லிட்டருக்குக் கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. புளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நைட்ரேட்டு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

நைட்ரேட்டு எங்கிருந்து வருகிறது? யூரியாவிலிருந்தும், கட்டுத்தரை மூத்திரத்திலிருந்தும், எருக்குழியிலிருந்தும், கக்கூசுக் குழியிலிருந்தும்தான். நாமே போட்டு, நாமே குடிக்கிறோம். நைட்ரேட்டு அதிகமான தண்ணீரில் பால்பவுடர் கலக்கிக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றி, நைட்ரேட்டு இன்னும் கூடும். எனவே எருக்குழி, கட்டுத்தரைக் கழிவு, கக்கூசுக் குழி எல்லாம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல், சரிவில் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும்.

கிருமிக்குப் பிளீச்சிங் பவுடர் போடலாம். 1,000 லிட்டருக்கு 4 கிராம். கிணற்றில் எத்தனை லிட்டர் என்று எப்படித் தெரியும்? வட்டக் கிணறானால் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 22-ஆல் பெருக்குங்கள். குறுக்களவு 10 அடி, தண்ணீர் 12 அடி என்றால் 10 × 10 × 12 × 22 = 26,400 லிட்டர். இதற்குச் சுமார் 105 கிராம் பவுடர். நம் பக்கத்துச் சதுரக் கிணறானால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 28-ஆல் பெருக்கினால் போதும்.

பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சற்று வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். இரவு படுக்கும் முன் செய்தால் காலையில் தண்ணீர் எடுக்கலாம். குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் சத்து போயிருக்கும். அதை நம்ப வேண்டாம்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் பவுடர் சரியாக வேலை செய்யாது. நம் வீடுகளில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கலைத் தெளிய வைப்பார்கள். முருங்கை விதைப் பொடிக்கும் அந்தக் குணம் உண்டு. ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் என்று ஆகிவிடாது. தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, அதன் பிறகு நன்றாகக் கொதிக்கவிட்டு ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதித்த பின் இறக்க வேண்டும். விறகு இல்லையா? நிறமில்லாத பெட் பாட்டில்களில் தெளிந்த தண்ணீரை நிரப்பிக் கூரைமேல் நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்க வைத்தால் வெயிலே கிருமியைக் கொல்லும். மேகமூட்டமானால் இரண்டு நாள் வைக்க வேண்டும்.

மேலே ஏற்றுவது எப்படி?

நம் தாத்தா காலத்தில் கவலை ஓட்டினார்கள். இரண்டு மாடு, ஒரு பறி, வடக்கயிறு, ஓர் ஆள். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்த பிறகு மோட்டார் வந்தது. கவலை போனது, கிணறும் கீழே போனது. கரண்ட் இல்லாத சாளைக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு: கைப்பம்பு, சோலார்.

கைப்பம்பைப் பற்றி ஒரு செய்தி. நாடெங்கும் ஊர் ஊராக நிற்கும் 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு இருக்கிறதே, அதைச் சோதித்துப் பார்த்தது நம் கோவை மாவட்டத்தில்தான். அதற்கு முன்பு இருந்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு வீட்டுக்கென்று செய்தவை. ஊரே அடித்தால் தாங்காமல் ஓரிரு மாதத்தில் நின்றுவிடும். 1970-களின் நடுவில் யுனிசெப் நிறுவனமும் அரசும் சேர்ந்து, சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாக வைத்துப் புது மாதிரி ஒன்றைச் செய்தன. தண்ணீர் மிக ஆழத்தில் கிடக்கிற இடத்தில் தாங்கினால் எங்கும் தாங்கும் என்று கோவைப் பக்கத்து ஆழக் கிணறுகளில் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். தாங்கியது. பிறகு சென்னையில் பெருமளவில் தயாரிப்பு தொடங்கியது.

அதிலும் ஒரு குறை இருந்தது. உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே உருவ வேண்டும். அதற்கு நாலைந்து ஆளும் தனிக் கருவிகளும் வேண்டும். 1983 முதல் 1988 வரை மறுபடியும் கோவையிலேயே பல ஊர்ப் பம்புகளில் சோதனை நடந்தது. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் நீண்டநாள் உழைப்பது தெரிந்தது. குழாயை அகலமாக்கி, குழாயைக் கழற்றாமலே உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே இழுக்கிற 'மார்க் 3' அங்கே உருவானது. சாளைக்குக் கைப்பம்பு போடுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். சாமான் என்ன விலை என்பதைவிட, பழுதானால் நாமே கழற்றி மாட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. வாஷர் இரண்டு செட் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

கைப்பம்பு நிமிஷத்துக்குச் சுமார் 12 லிட்டர் இறைக்கும். நமது 420 லிட்டருக்கு 35, 40 நிமிஷம் அடித்தால் போதும். வீட்டில் மூன்று பேர் மாறி மாறி அடித்தால் யாருக்கும் பாரமில்லை.

சோலாருக்கு வருவோம். தண்ணீர் 100 அடி ஆழத்தில் இருக்கிறது. 420 லிட்டர் ஏற்ற வேண்டும். பம்பு, குழாய் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் நாளைக்குக் கால் யூனிட் மின்சாரத்தைத் தாண்டாது. 100 வாட்ஸ் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் சுமார் 0.4 யூனிட் கொடுக்கும். ஆகவே வீட்டுத் தண்ணீருக்கு மட்டும் என்றால் 200 வாட்ஸ் தகடும் சிறிய டி.சி. நீர்மூழ்கிப் பம்பும் மேகமூட்டத்துக்கும் சேர்த்துப் போதும். இதற்குப் போய் 5 குதிரைசக்தி மோட்டார் தேவையில்லை. பேட்டரியும் வேண்டாம். பகலில் இறைத்து எட்டு, பத்தடி உயர மேடையில் உள்ள தொட்டியில் நிரப்பி வைத்தால், இரவுக்கும் மறுநாளுக்கும் அந்தத் தொட்டிதான் பேட்டரி. பாசனத்துக்கும் சேர்த்துப் பெரிய சோலார் பம்பு போடுவதானால், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றி விசாரியுங்கள்.

தண்ணீர் ஏற்றும் செலவை நாமே கணக்குப் பார்த்துச் சமாளிக்க முடியுமா என்பவர்களுக்கு நம் பக்கத்து ஓடந்துறைப் பஞ்சாயத்தே சாட்சி. குடிநீர் ஏற்றும் மின்கட்டணம் பாரமாக ஆனபோது 2003-இல் 9 கிலோவாட்ஸ் விறகு வாயுக் கலன் வைத்துப் பம்பு ஓட்டினார்கள். 2006-இல் வங்கிக் கடனும் வாங்கி, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட்ஸ் காற்றாலையே வாங்கினார்கள். முதலில் தங்கள் செலவு எங்கே போகிறது என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் இயந்திரம் வாங்கினார்கள். நாமும் அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான மூன்று

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

கரண்ட் இல்லாத இடத்தில் ஆயில் எஞ்சின் வைத்திருப்பீர்கள். தண்ணீர் கீழே போனால் எஞ்சினையும் கிணற்றுக்குள் திட்டில் இறக்குகிற வழக்கம் உண்டு. அதைச் செய்யவே கூடாது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எஞ்சினை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார்.

கிணறு தூர்வாரும்போதும் இப்படித்தான். இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை என்று தெரியும், நல்லதுதான். ஆனால் எஞ்சின் புகை நிறைந்த கிணற்றில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆள் மயங்குவான். ஆகவே விளக்கை மட்டும் நம்பாதீர்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு ஆள் பிடித்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் கயிற்றால் இழுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள். 101 அல்லது 112-க்குச் சொல்லித் தீயணைப்புப் படையை அழையுங்கள்.

மூன்றாவது, வற்றிய போர் குழி. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை, பயன்படாத ஆழ்துளைக் குழியில் விழுந்து, நாலு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. நாடே பார்த்து அழுதது. தண்ணீர் வராத போரைச் சாக்கைப் போட்டு மூடாதீர்கள். மண்ணும் கல்லும் போட்டு மேல்மட்டம் வரை நிரப்புங்கள். அல்லது இரும்பு மூடியைப் பற்றவைத்துவிடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

செலவான தண்ணீரும் தண்ணீர்தான்

குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் சுமார் 200 லிட்டர் தினமும் பொடக்காளிப் பக்கம் ஓடித் தேங்குகிறது. அதைக் கல்வாழை நட்ட சிறு மணல் குழி வழியாக விட்டு, வாழைக்கும் தென்னைக்கும் திருப்புங்கள். ஒரே மரத்தடியில் விடாமல் வாரத்துக்கு ஒரு மரமாக மாற்றினால் சோப்பு உப்பு தங்காது. பச்சையாகச் சாப்பிடும் கீரை, முள்ளங்கி, வெங்காயத்துக்கு மட்டும் வேண்டாம். கக்கூசுத் தண்ணீரை இதனோடு சேர்க்கக் கூடாது.

காட்டோரச் சாளைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. கல்லாறு, மேட்டுப்பாளையம் பக்கம் யானை நடமாட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. கோடையில் காட்டில் குட்டை வற்றினால் யானை தண்ணீரை மோப்பம் பிடித்து வந்துவிடும். மாட்டுத் தாழியைச் சாளை வாசலை ஒட்டி வைக்காதீர்கள். இரவில் தாழியைக் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். குடிநீர்த் தொட்டி தரைக்குக் கீழே, கனமான மூடியோடு இருப்பது நல்லது. பலாப்பழம், பழுத்த வாழைத்தார், உப்பு மூட்டை ஆகியவற்றைத் தொட்டிப் பக்கம் வைக்க வேண்டாம். யானை வந்துவிட்டால் விரட்டப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எப்போது என்ன செய்வது?

ஆவணி, புரட்டாசியில் கூரையைப் பெருக்கி, தாழ்வாரத்தைச் சரிபார்த்து, வடிகட்டி மணலை அலசி, தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியானால் இரண்டு மூன்று முறை நிரப்பிக் கொட்டிவிட்டுப் பிறகு குடிக்கப் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை விட்டு, மீதியைப் பிடியுங்கள். மார்கழி முடிந்ததும் தொட்டிக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டு அளந்து பாருங்கள். நமது 8-க்கு 6 தொட்டியில் ஓர் அடி தண்ணீர் என்றால் 1,350 லிட்டர். ஐந்து பேருக்கு 27 நாள். சுவரில் கரியால் கோடு போட்டு வையுங்கள். தை முதல் தேதி, மாசி முதல் தேதி என்று மாதம் ஒருமுறை அளந்தால், பங்குனியில் தட்டுப்பாடு வருமா வராதா என்பது தை மாதமே தெரிந்துவிடும். தெரிந்தால் சிக்கனம் பிடிக்கலாம். லாரித் தண்ணீருக்குக் கடைசி நேரத்தில் ஓட வேண்டியதில்லை.

இந்த வருஷமே எல்லாம் செய்ய முடியாவிட்டாலும் ஒன்றையாவது தொடங்குங்கள். ஒரு தகரத் தாழ்வாரம், ஓர் அண்டா, ஒரு நல்ல மூடி. அதுவே இந்த ஐப்பசியில் உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தினம் நாலு குடம் சுமப்பதை மிச்சப்படுத்தும். அதன் ருசி தெரிந்துவிட்டால், அடுத்த வருஷம் பெரிய தொட்டியை அவர்களே கட்டச் சொல்வார்கள்.